பிரிந்த இரு தேசங்களின் வாழ்க்கைத் தரம்

ஒரு தேசத்து ஜனங்கள் நன்றாக வாழ்கிறார்களா என்பதை அளப்பதற்கு உலக ஸ்தாபனங்கள் இன்று கையாளும் அளவுகோலை வகுத்துக் கொடுத்தவர் மஹ்பூப் உல் ஹக் என்ற பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர். அயூப் கானின் ஆட்சியில் திட்டக் கமிஷனின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்து, ஐந்தாண்டுத் திட்டங்களை வரைவதில் பங்கெடுத்து, அவற்றின் பலனெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கணக்குப் பார்த்தபோது, நாட்டின் தொழில்களில் மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களின் வசம் இருப்பதை 1968-இல் பகிரங்கமாக எடுத்துச் சொன்னவர் அவர். வருமானம் பெருகினால் வாழ்வு தானே செழிக்கும் என்ற நம்பிக்கை அன்றே அவருக்குத் தளர்ந்துபோயிற்று. கேம்பிரிட்ஜில் உடன் பயின்ற நண்பராகிய அமர்த்தியா சென்னின் துணையோடு, ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் திரட்டி ஒரே எண்ணாகக் காட்டும் மானிட அபிவிருத்திக் குறியீட்டை, 1990-இல் ஐக்கிய நாடுகளின் அறிக்கை வாயிலாக அவர் வெளியிட்டார். மனித வாழ்வை ஓர் எண்ணுக்குள் அடக்குவது முரட்டுத்தனமான காரியம் என்று சென் முதலில் தயங்கினார். தேசிய வருமானம் என்ற முரட்டு எண்ணைப் பதவியிலிருந்து இறக்க இன்னொரு முரட்டு எண்தான் வேண்டும் என்று ஹக் வாதாடி அவரை இணங்கவைத்தார்.

அந்த அளவுகோலைக் கொண்டு ஹக்கின் சொந்த நாட்டையும், 1971 வரை அந்நாட்டின் கிழக்குப் பாதியாக இருந்து பின்னர் தனித் தேசமாகிய வங்காள தேசத்தையும் அளந்து பார்த்தால் கிடைக்கும் விடை அவருக்கே வருத்தந் தந்திருக்கும். 1990-ஆம் வருஷத்தில் இரு நாடுகளும் 0.40 என்ற புள்ளியை ஒட்டி, ஏறத்தாழ ஒரே படியில் நின்றன. 2023-க்கான கணக்கில் வங்காள தேசம் 0.685 பெற்று 130-ஆம் இடத்திலும், பாகிஸ்தான் 0.544 பெற்று 168-ஆம் இடத்திலும் இருக்கின்றன.

வளரும் நாடுகள் இரண்டை எடுத்து அருகருகே நிறுத்தி, எது மேல், எது கீழ் என்று தீர்ப்புச் சொல்வது பத்திரிகைகளில் அடிக்கடி நடக்கும் விளையாட்டு. பெரும்பாலும் அது பயனற்ற விளையாட்டு. ஏனெனில் சரித்திரத்தாலும் சீதோஷ்ணத்தாலும் ஆட்சி முறையாலும் சம்பந்தமே இல்லாத இரு நாடுகளின் வித்தியாசத்துக்கு எந்தக் காரணத்தையும் கற்பித்துவிடலாம். இங்கே எடுத்துக்கொண்ட இரு நாடுகளின் விஷயம் அப்படிப்பட்டதன்று. 24 வருஷங்கள் ஒரே நாணயம், ஒரே ராணுவம், ஒரே திட்டக் கமிஷன் ஆகியவற்றின் கீழ் இருந்தவை அவை. மதத்தால் பெரும்பான்மையோர் ஒன்றானவர்கள். இரண்டும் பின்னர் ராணுவ ஆட்சிகளையும் தலைவர்களின் கொலைகளையும் ஊழலையும் தாராளமாகவே அனுபவித்தவை. 1971-இல் பிரியும் சமயத்தில் சாதகமெல்லாம் மேற்கின் பக்கம் இருந்தது. 1969-70-இல் மேற்குப் பாகிஸ்தானின் தலா வருமானம் கிழக்கினதைவிட ஏறக்குறைய 60 விழுக்காடு அதிகம். கிழக்கு விளைவித்த சணலே தேசத்தின் அந்நியச் செலாவணியைப் பெருமளவு சம்பாதித்துக் கொடுத்ததென்றும், அது மேற்கின் ஆலைகளிலும் அணைக்கட்டுகளிலும் போய் இறங்கிற்றென்றும் வங்காளிகள் கொண்ட மனக்குறையே 1966-இல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் முன்வைத்த ஆறு அம்சக் கோரிக்கையின் சாரம். அதன்பின் 1970 நவம்பரில் மூன்று லட்சத்துக்குக் குறையாத உயிர்களைக் கொண்டுபோன புயல், 1971-இல் யுத்தமும் படுகொலையும், 1974-இல் பஞ்சம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பிறக்கவிருந்த அந்த நாடு பிறர் தர்மத்திலேயே காலந்தள்ள வேண்டியதாகும் என்று வாஷிங்டனில் உயர் உத்தியோகஸ்தர்கள் ஏளனமாகப் பேசிக்கொண்டார்கள்.

அக்காலத்தில் இரு நாடுகளிலும் பிறந்த குழந்தைகளில் சுமார் ஏழுக்கு ஒன்று முதற் பிறந்த நாளைக் காணவில்லை. ஒரு ஸ்திரீ சராசரியாக ஆறு, ஏழு குழந்தைகளைப் பெற்றாள். இன்று வங்காள தேசத்தில் ஆயிரத்துக்கு இருபத்தைந்தை ஒட்டியிருக்கும் சிசு மரணம், பாகிஸ்தானில் இன்னும் ஐம்பதைத் தாண்டி நிற்கிறது. ஆயுட்கால எதிர்பார்ப்பில் பாகிஸ்தானைவிட வங்காள தேசம் ஏறத்தாழ ஏழு வருஷங்கள் முன்னால் இருக்கிறது. பிறப்பு விகிதம் வங்காள தேசத்தில் ஓர் அன்னைக்கு இரண்டு குழந்தைகளை ஒட்டி வந்துவிட்டது; பாகிஸ்தானில் அது மூன்றரை. இதன் விளைவை ஜனத்தொகைக் கணக்கே விளம்பரப்படுத்துகிறது. 1951-இல் கிழக்கில் 4 கோடியே 20 லட்சம் பேரும், மேற்கில் 3 கோடியே 40 லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்களும் இருந்தார்கள்; இப்போது கிழக்கில் சுமார் 17 கோடி, மேற்கில் 24 கோடி.

இங்கே வாசகர் கவனிக்க வேண்டியது காலக்கிரமம். டாலர் கணக்கில் தலா வருமானத்தில் வங்காள தேசம் பாகிஸ்தானை முந்தியது 2010-களின் பிற்பாதியில்தான். சிசு மரணத்திலும் ஆயுளிலுமோ அது 1990-களிலேயே முந்திவிட்டது. அதாவது பணம் வந்து அதன் பின் வாழ்வு நீளவில்லை. ஏழையாக இருந்தபோதே, இன்னும் சொன்னால் பாகிஸ்தானைவிட ஏழையாக இருந்தபோதே, அந்த ஜனங்கள் தங்கள் குழந்தைகளைச் சாவிலிருந்து காப்பாற்றக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இது எங்ஙனம் சாத்தியமாயிற்று என்பதே இந்த ஒப்பீட்டில் ஆராயத்தக்க கேள்வி.

விடையின் முதற்பகுதி ஒரு சிட்டிகை உப்பில் இருக்கிறது. சீட்டோ ராணுவக் கூட்டணியின் உதவியால் 1960-இல் டாக்காவில் காலரா ஆராய்ச்சிக் கூடம் ஒன்று நிறுவப்பட்டது. பனிப்போர்க் காலத்து ராஜதந்திரம் தந்த அபூர்வமான நற்பலன்களுள் அது ஒன்று. உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் கலந்த நீரை வாய்வழியே புகட்டினால், நரம்பில் ஊசிவழி ஏற்றும் திரவத்தின் தேவையைப் பெரிதும் குறைத்துக் காலரா நோயாளியைப் பிழைக்க வைக்கலாம் என்பதை 1968-இல் அங்கே பரிசோதித்துக் காட்டினார்கள். 1971-இல் எல்லைக்கு இப்பால் பன்காவ் அகதி முகாமில், ஊசிமருந்து தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் அக்கரைசலைப் பீப்பாய்களில் கலக்கிவைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்து, ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார். ஆனால் கண்டுபிடிப்பு வேறு, அது குடிசைக்குள் நுழைவது வேறு. ஃபஸ்லே ஹசன் அபேத் என்பவர் 1972-இல் அகதிகளின் புனர்வாழ்வுக்கெனத் தொடங்கிய ‘பிராக்’ என்னும் ஸ்தாபனம், 1980 முதல் பத்து வருஷ காலம், பயிற்சி பெற்ற பெண்களை வீடு வீடாக அனுப்பி இதைக் கற்பித்தது. பொட்டலத்தில் அடைத்த மருந்து கிராமத்துக்குப் போய்ச் சேராது என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆகையால் எந்த அடுப்படியிலும் இருக்கக்கூடிய பொருள்களைக் கொண்டே, மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று அளவு வகுத்தார்கள். தாய் தன் கையாலேயே கலந்து காட்டியாக வேண்டும்.

அதைவிட நுட்பமானது அவர்கள் சம்பளம் கொடுத்த விதம். எத்தனை வீடுகளுக்குப் போனாள் என்று கணக்கிடாமல், சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், பத்தில் ஒரு வீட்டைப் பொறுக்கியெடுத்து, அங்கே தாய்க்குச் சொல்லிக்கொடுத்த பத்து விஷயங்களில் எத்தனை நினைவிருக்கின்றன, கலக்கிய நீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று சோதித்து, அதற்கேற்ப அந்த ஊழியைக்கு ஊதியம் அளித்தார்கள். கற்பித்தவளின் கூலி கற்றவளின் ஞாபகத்தைப் பொறுத்தது! நம் கல்வி இலாகாக்களில் இவ்விதியை அமல் செய்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பார்ப்பது சுவாரஸ்யமாக இருக்கும். பத்து வருஷத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களை அவர்கள் இவ்வாறு தொட்டார்கள்.

இரண்டாம் பகுதி குடும்பக் கட்டுப்பாடு. இதிலே வேடிக்கை என்னவென்றால், இரு பாதிகளுக்கும் தொடக்கம் ஒன்றே. அயூப் கான் 1965-இல் பெரும் ஆடம்பரத்தோடு அத்திட்டத்தை ஆரம்பித்தார். அவர் பதவியிழந்தபோது அவர் செய்தவை எல்லாவற்றின் மீதும் ஜனங்களுக்கு ஏற்பட்ட வெறுப்பில் அதுவும் சரிந்தது. 1977-க்குப் பின் பாகிஸ்தானில் ஜியா உல் ஹக்கின் ஆட்சியில் மதவாதிகளின் மனங்கோணாதிருக்க வேண்டி மேலும் முடங்கிற்று. வங்காள தேசத்திலும் ராணுவத் தளபதிகளே ஆண்டார்கள், மௌலவிகளும் இருந்தார்கள். ஆயினும் அடுத்தடுத்து வந்த ஆட்சியாளர் எவரும் இக்காரியத்தில் மட்டும் முன்னவரின் ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. வீட்டு வாசலைத் தாண்டிப் பெண்கள் வருவது அரிதான சமூகத்தில், வைத்திய நிலையத்தைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பது வீண் என்று உணர்ந்து, அதே ஊர்ப் பக்கத்துப் பெண்களைப் பல்லாயிரக் கணக்கில் சர்க்காரே நியமித்து, மாத்திரையும் பேச்சுமாக வாசலுக்கே அனுப்பினார்கள். மத்லப் என்ற பிரதேசத்தில் 1977 முதல் இதை ஒரு பரிசோதனையாகவே நடத்தி, ஊழியை சென்ற கிராமங்களையும் செல்லாத கிராமங்களையும் ஒப்பிட்டுப் பலனை நிரூபித்தும் காட்டினார்கள். 1970-களின் மத்தியில் விவாகமான ஸ்திரீகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் மட்டும் கைக்கொண்ட முறைகளை இன்று அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கைக்கொள்கிறார்கள். பாகிஸ்தானில் இன்னும் சுமார் மூன்றில் ஒருத்தியே.

பாகிஸ்தானில் வழி தெரிந்தவர்கள் இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அக்தர் ஹமீத் கான் என்ற பெரியாரின் சரித்திரம் ஒன்றே போதும் இதை மறுக்க. ஐ.சி.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு, சில காலம் பூட்டுச் செய்யும் தொழிலாளியாகவே வாழ்ந்து பார்த்த இம்மனிதர், 1959-இல் கிழக்கு வங்காளத்தின் கொமில்லாவில் கிராம அபிவிருத்திக் கழகத்தை நிறுவி, சிறு விவசாயிகளின் கூட்டுறவுகளை வளர்த்தார். 1971-இல் நாடு பிளந்தபோது மேற்கே சென்றவர், 1980-இல் கராச்சியின் ஓரங்கி என்னும் மாபெரும் குடிசைப் பகுதியில் தம் பணியை மீண்டும் ஆரம்பித்தார். நகராண்மை சாக்கடை போட்டுத் தராது, போட்டாலும் லஞ்சமும் கமிஷனும் சேர்ந்து அதன் செலவு பன்மடங்காகும் என்று கண்டு, ஒவ்வொரு சந்தைச் சேர்ந்த இருபது முப்பது வீட்டாரைக் கூட்டி, தங்கள் பணத்தைத் தாங்களே போட்டுத் தங்கள் கையாலேயே சாக்கடை அமைக்கச் செய்தார். அளவெடுப்பும் வரைபடமும் யோசனையும் மாத்திரமே அவர் ஸ்தாபனத்தின் உதவி. லட்சக்கணக்கான ஜனங்களின் வாசலில் தேங்கிநின்ற மலஜலம் இவ்வாறு குழாய்க்குள் போயிற்று. அவருக்குப் பின் அதை நடத்தியவரும், டாக்காவில் பிறந்தவருமான பர்வீன் ரஹ்மான் 2013-இல் கராச்சி வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994-இல் பேநசீர் புட்டோ தொடங்கிவைத்த ‘லேடி ஹெல்த் வொர்க்கர்’ திட்டமும் நல்ல திட்டமே. சுமார் ஒரு லட்சம் பெண்கள் அதில் சேர்ந்து உழைத்தார்கள். அறிவும் தியாகமும் இரு நாட்டிலும் இருந்தன. கிழக்கில் அவை தேசம் முழுவதும் பரவின. மேற்கில் பெரும்பாலும் அங்கொரு சந்திலும் இங்கொரு பேட்டையிலும் பிரகாசித்து அங்கேயே நின்றன.

ஏன் நின்றன என்பதற்கு நான் காணும் காரணம் நிலம். சிந்துவிலும் தென் பஞ்சாபிலும் ஜமீன்தார்களின் பிடி தளரவில்லை. அயூப் கானும் ஸுல்பிகார் அலி புட்டோவும் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தங்கள் காகிதத்தோடு கரைந்துபோயின. கிராமத்துப் பள்ளிக்கூடம் ஜமீன்தாரின் மாட்டுக் கொட்டிலாகவோ விருந்தினர் மாளிகையாகவோ மாறியிருப்பதும், வராத உபாத்தியாயர் சம்பளம் வாங்குவதும் அங்கே பத்திரிகைகள் சலித்துப்போகுமளவு எழுதிய விஷயம். கிழக்கிலோ, பழைய ஜமீன்தார்களில் பெரும்பாலோர் ஹிந்துக்கள். இந்தியப் பிரிவினைக்குப் பின் அவர்கள் வெளியேறினார்கள். 1950-ஆம் வருஷச் சட்டம் ஜமீன் முறையையே ஒழித்தது. எஞ்சியவர்கள் துண்டு நிலக் குடியானவர்கள். அங்கே ஊழியை வீடு வீடாகப் போகையில் வழிமறிக்கத் தக்க பெரிய மனிதர் குறைவு. இதோடு ராணுவச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவுக்கு ஈடுகொடுத்தே தீர்வதென்று பாகிஸ்தான் தன் வருவாயில் எடுத்துவைத்த பெரும்பங்கு, பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் போகாத பங்கு.

மூன்றாவது, பெண்களின் சம்பாத்தியம். 1970-களின் இறுதியில் சிட்டகாங்கின் ‘தேஷ்’ ஆடைத் தொழிற்சாலை, கொரியாவின் ‘தேவூ’ கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, 130 பேரை அந்நாட்டுக்கு அனுப்பித் தையல் தொழிலைக் கற்றுவரச் செய்தது. திரும்பி வந்தவர்களிற் பலர் தனித்தனியே ஆலைகள் தொடங்கினார்கள். பருத்தி மிகக் குறைவாகவே விளையும் வங்காள தேசம் இன்று ஏற்றுமதியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஆடையாலேயே ஈட்டுகிறது. பருத்தி விளையும் பாகிஸ்தானோ நூலையும் துணியையும் விற்பதில் நெடுங்காலம் திருப்தியடைந்திருந்தது. வங்காள தேசத்து ஆடை ஆலைகளின் சுமார் 40 லட்சம் தொழிலாளரில் பெரும்பான்மையினராகிய பெண்கள் மாதச் சம்பளத்தோடு வீடு திரும்பியது, கிராமத்தில் பெண்பிள்ளையைப் படிக்கவைப்பதன் லாபத்தை எந்தப் பிரசாரத்தையும்விடத் தெளிவாக விளக்கிற்று. 1994 முதல் கிராமப்புறத்து உயர்நிலைப் பள்ளி மாணவிகள் எல்லாருக்கும் சர்க்கார் உபகாரச் சம்பளமும் தந்தது. வருகை தவறக்கூடாது, பரீட்சையில் குறிப்பிட்ட மதிப்பெண் பெறவேண்டும், பள்ளி முடிக்கும்வரை விவாகம் ஆகியிருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

இதுகாறும் சொன்னதைக் கொண்டு வங்காள தேசத்துக்கு மகுடம் சூட்டிவிட நினைப்பவர்கள் அந்தக் கடைசி நிபந்தனையிலேயே இடறுவார்கள். அங்கே இருபதிலிருந்து இருபத்துநாலு வயதுள்ள ஸ்திரீகளில் ஏறத்தாழ பாதிப் பேர் பதினெட்டு நிறையுமுன் மணமானவர்கள். பாகிஸ்தானில் ஐந்தில் ஒருத்திக்கும் குறைவு. உபகாரச் சம்பளமும் தையல் ஆலையும் கருத்தடை மாத்திரையும் சேர்ந்தும் அசைக்க முடியாத வழக்கம் அது. வரதக்ஷிணையும், பெண்ணுக்குக் கேடு வந்துவிடுமோ என்ற பயமும் அதைத் தாங்கி நிற்கின்றன. குறைவாகப் பெற்று நிறைய நாள் வாழ்கிறாள் என்று அட்டவணை காட்டும் அதே பெண், பதினாறாம் வயதில் மாமியார் வீட்டு அடுப்படிக்குப் போனவளாகவும் இருக்கிறாள்.

குடிநீரின் கதை இன்னும் கொடிது. குளத்து நீரைக் குடித்துப் பேதியால் சாகிறார்களே என்று இரங்கி, 1970-கள் தொட்டு வெளிநாட்டு உதவியோடு லட்சக்கணக்கில் அடிகுழாய்கள் இறக்கினார்கள். பேதி குறைந்தது மெய். ஆனால் அந்த நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்செனிக் என்னும் பாஷாணம் கலந்திருப்பது 1993-இல் வெளிப்பட்டது. கோடிக்கணக்கானவர்கள் அறியாமலே நஞ்சருந்திக்கொண்டிருந்தார்கள். சரித்திரம் கண்ட மிகப் பெரிய விஷப் பரவல் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகை 2000-இல் எழுதிற்று. கெட்ட குழாய்க்குச் சிவப்பும் நல்ல குழாய்க்குப் பச்சையும் பூசினார்கள். பூச்சு உதிர்ந்த பிறகு எது எதுவென்று தெரியாத ஊர்களும் உண்டு. ஆலைகளின் விஷயத்தில் 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி சாவாரில் இடிந்து விழுந்த ராணா பிளாஸா கட்டிடத்தைச் சொன்னால் போதும். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பப்பட்டவர்களில் 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மேலும், வங்காள தேசத்தில் நோயுற்றால் ஆகும் செலவில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் குடும்பமே தன் மடியிலிருந்து அவிழ்க்கிறது. இந்த வகையில் பாகிஸ்தானியனின் சுமை சற்று இலகு.

உணவில் பாகிஸ்தானுக்குக் குறைவில்லை என்பதே பொது அபிப்பிராயம். சிந்து நதியின் வாய்க்கால்கள் பாயும் கோதுமை வயல்களும், உலகில் மிக அதிகமாகப் பால் கறக்கும் நாடுகளில் ஒன்று என்ற பெயரும் அதற்கு உண்டு. ஒரு சதுர கிலோமீட்டரில் 1,100 பேருக்கு மேல் நெருங்கி, சோறும் மீனும் உண்டு வாழும் வங்காளியைவிடப் பஞ்சாபிக்குக் காற்றும் இடமும் அதிகம். அப்படியிருந்தும் ஐந்து வயதுக்குட்பட்ட பாகிஸ்தானியக் குழந்தைகளில் நூற்றுக்கு நாற்பது வயதுக்கேற்ற உயரம் வளராதவை. வங்காள தேசத்தில் இருபத்தைந்தை ஒட்டி. தாயின் எழுத்தறிவு, பிள்ளைக்குப் பிள்ளை விடும் இடைவெளி, கொல்லைப்புறத்துச் சுத்தம் ஆகியவற்றைத் தட்டில் விழும் பாலாலும் கோதுமையாலும் ஈடுசெய்ய முடியவில்லை. கொல்லைப்புறத்தைப் பொறுத்தவரை, 2000-ஆம் வருஷத்தையொட்டி ராஜ்சாஹி ஜில்லாவின் மொஸ்மொயில் கிராமத்தில், ஊராரை அவர்கள் மலம் கழிக்கும் இடங்களுக்கே ஊர்வலமாக அழைத்துச் சென்று வெட்கப்படவைத்த முறையொன்று தோன்றிப் பிற கண்டங்களுக்கும் பரவியது. வெட்கத்தைச் சுகாதாரக் கருவியாக்குவது நாகரிகமா என்ற தர்க்கம் இன்னும் முடியவில்லை. திறந்தவெளிப் பழக்கம் அந்நாட்டில் அநேகமாக ஒழிந்துவிட்டது.

புயல் விஷயத்தில் தர்க்கத்துக்கு இடமில்லை. 1970-இல் லட்சங்களில் எண்ணிய மரணத்தை 1991-இல் சுமார் 1,38,000 என்றும், 2007-இல் சித்ர் புயலின்போது மூவாயிரத்துச் சொச்சம் என்றும், 2020-இல் ஆம்பன் புயலின்போது சில பத்துகள் என்றும் எண்ணினார்கள். கான்கிரீட் புகலிடங்கள் பாதி, கொடியேற்றியும் ஒலிபெருக்கி பிடித்தும் தீவுக்குத் தீவு ஓடும் தொண்டர் படை பாதி இதற்குக் காரணம். 2022-இல் பாகிஸ்தானில் மூன்று கோடிக்கு மேற்பட்டவர்களை அலைக்கழித்த வெள்ளத்தில் சுமார் 1,700 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் பல மாதங்கள் சாலை மேடுகளில் கிடந்தார்கள்.

மஹ்பூப் உல் ஹக்கின் குறியீட்டில் இடம்பெறாத ஒரு பத்தியும் உண்டு; அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வங்காள தேசத்தின் வளர்ச்சி விகிதங்கள் பிரதமர் ஷேக் ஹசீனாவின் ஆட்சியில் மிகைப்படுத்தப்பட்டன என்று, அவர் வீழ்ந்தபின் அமைந்த நிபுணர் குழு 2024 டிசம்பரில் அறிக்கை தந்தது. வருமானக் கணக்கைச் சற்றுத் தாழ்த்தி வாசிப்பதே விவேகம். ஆயினும் மனைதோறும் சென்று எடுத்த ஆய்வுகளில் தெரியும் சிசு மரணமும் குழந்தைகளின் எண்ணிக்கையும் அதனால் பெரிதாக மாறப்போவதில்லை. விடுபட்ட பத்தியோ வேறு: ஹசீனாவின் ஆட்சியில் ஆளைக் காணாமற்போகச் செய்த போலீஸும், போட்டியில்லாத தேர்தல்களும் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. 1971 விடுதலை வீரர்களின் சந்ததியாருக்குச் சர்க்கார் உத்தியோகங்களில் 30 விழுக்காட்டை ஒதுக்கி, 2018-இல் கைவிடப்பட்ட விதியை 2024 ஜூனில் ஹைகோர்ட் மீட்டபோது, மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஹசீனா நாட்டைவிட்டு ஓடினார்; அந்த ஜூலை, ஆகஸ்ட் மாதக் கலவரங்களில் 1,400 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகத்தின் மதிப்பீடு. பிள்ளைகள் சாகாமலிருக்கவும், பெண்கள் பள்ளிக்குப் போகவும் வழிகண்ட அந்நாட்டில், படித்து வெளிவரும் இளைஞர்களுக்குத் தகுந்த உத்தியோகம் மட்டும் அதே வேகத்தில் வந்து சேரவில்லை. தையல் ஆலையின் மேசைக்கு மேலே ஏறிச் செல்லும் படிகள் இன்னும் கட்டப்படாமலே இருக்கின்றன.